அஞ்சு பிளக்குக்கு ஒரு சுவிட்ச்

ஆமாண்ணா, இந்த ஒண்ணுதான். வேற சுவிட்ச் எதுவும் கெடையாது. மேசைக்கு அடியில தேடாதீங்க, அங்க வெறும் வயருதான் ஓடுது. அஞ்சு பிளக்கும் இந்தத் தகரப் பெட்டிக்குள்ள வந்து சேருது, பெட்டிக்கு மேல செவுத்துல இந்த ஒரே சுவிட்ச். கம்ப்யூட்டரு, திரை, மோடம், ஸ்பீக்கரு, பிரின்டரு. போட்டா அஞ்சும் எழுந்துக்கும். ஆஃப் பண்ணா அஞ்சும் படுத்துக்கும்.

இல்லண்ணா, ரிப்பேர் இல்ல, எல்லாம் நல்லாத்தான் ஓடுது. போன்லயே சொன்னேனே, எதையும் மாத்த வேண்டாம், புதுசா போடவும் வேண்டாம். பாத்துச் சொன்னா போதும். இந்த வயரிங்ல தப்பு இருக்கா இல்லையா. இந்தப் பெட்டியையோ கம்ப்யூட்டரையோ தொட்டா ஷாக் அடிச்சிருக்குமா, அடிச்சிருக்காதா. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். ஆனா நிச்சயமாத் தெரியணும். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க, நான் அப்புறம் அதை வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா உக்காந்திருப்பேன். என் சுபாவம் அப்படி.

யாரு பண்ணதா? நான்தான். நானும் எங்கப்பாவும்.

சிரிக்கலாம், பரவாயில்ல. எலக்ட்ரிக்கல்லாம் படிக்கல, நான் படிச்சது கணிதம். எங்க வீட்டுல காலேஜுக்குப் போன முதல் ஆளு நான். அதனால எது கெட்டுப்போனாலும் ஆபீசரக் கூப்பிடுன்னுவாரு அப்பா. மிக்சி ஓடலையா, ஆபீசரக் கூப்பிடு. குழாய் ஒழுகுதா, ஆபீசரக் கூப்பிடு. கூப்பிடுறதுக்கு வீட்டுல வேற ஆளும் இல்ல. நான் ஆறாவது படிக்கறப்பவே அம்மா போயிட்டாங்க, அப்புறம் நாங்க ரெண்டே பேருதான். டிகிரின்னா எல்லா வேலைக்கும் சேத்துக் குடுக்குற லைசென்சுன்னு நெனச்சிட்டு இருந்தாரு. நானும் இல்லன்னு சொல்லல. தெரியாததைத் தெரியலன்னு சொல்ல எனக்கு அப்பல்லாம் பயமா இருக்கும்.

ஆனா இதைக் கண்ணை மூடிக்கிட்டு பண்ணலண்ணா. படம் வரைஞ்சு, எவ்வளவு லோடு வரும்னு கூட்டிப் பாத்து, அதைத் தாங்குற பெரிய சுவிட்சா, தடிச்ச வயரா கேட்டு வாங்கிட்டு வந்தேன். நான் படிச்சுச் சொல்லச் சொல்ல அவரு முடுக்கினாரு. எனக்கு ஸ்க்ரூ முடுக்க வராது. அவருக்குப் படிக்க வராது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு எலக்ட்ரீஷியன்னு அவரே சொல்லிட்டு சிரிச்சாரு.

அப்பா இப்ப இல்லண்ணா. பதினாறு நாளாச்சு. இந்த ரூம்லதான். நீங்க பையை வெச்சிருக்கீங்க பாருங்க, அந்த எடம். இல்ல இல்ல, எடுக்க வேண்டாம், இருக்கட்டும். நான் அங்கதான் உக்காந்து சாப்பிடுறேன். வேற எங்க உக்காருறது, மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணணும், மத்த ரூமெல்லாம் மூட்டையா கெடக்குது.

டாக்டர் ஷாக்குன்னு சொல்லல. அவரு வேற சொன்னாரு. ஆனா மாடி வீட்டு அக்காவோட வீட்டுக்காரரு அன்னைக்கே சொன்னாரு, இது கரண்டுதான், பெரியவரு எப்பப் பாத்தாலும் அந்தக் கம்ப்யூட்டர் மேல கையை வெச்சிட்டு நிப்பாரு, நானே எத்தனையோ தடவை பாத்திருக்கேன், என்னைக்காச்சும் ஒரு நாள் தூக்கி அடிக்கும்னு நெனச்சேன்னு. நெனச்சவரு முன்னாடியே சொல்லிருக்கலாம். சரி, அதை விடுங்க. டாக்டருக்கு ஒடம்பு தெரியும். இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியாதே. அதான் உங்களக் கூப்பிட்டேன்.

கையை வெப்பாருதான். அது பழக்கம். தண்ணி பம்பு ஹவுஸ்ல முப்பத்தோரு வருஷம் மோட்டார் ஆபரேட்டரு. ஊருக்கே தண்ணி ஏத்துற பெரிய மோட்டாரு, நாலு. மீட்டர் பாக்குறதுக்கு முன்னாடி கையை வெச்சுப் பாப்பாராம். உள்ள ஏதாச்சும் சரியில்லன்னா மீட்டருக்கு முன்னாடியே உள்ளங்கைக்குத் தெரிஞ்சிடும்னுவாரு. கம்ப்யூட்டர் வாங்கின அன்னைக்கும் அதைத்தான் பண்ணாரு. திரையில என்ன வருதுன்னு பாக்கவே இல்ல. பெட்டி மேல கையை வெச்சு, கண்ணை மூடி நின்னு, நல்ல மோட்டாரும்மா, ஆட்டமே இல்லன்னாரு. அது மோட்டார் இல்லப்பா, உள்ள ஒரு சின்ன ஃபேன்னு சொன்னேன். சுத்துது இல்ல, அப்ப மோட்டாருதான்னாரு.

அந்த பம்பு ஹவுஸ்தான் அவரு காதையும் எடுத்துக்கிச்சு. முப்பத்தோரு வருஷ சத்தம். நேர்ல உக்காந்து, வாயைப் பாத்துப் பேசுனா பாதி புரியும். போன்ல சுத்தமாக் கேக்காது. கேக்கலன்னும் ஒத்துக்க மாட்டாரு. நான் வேலைக்குப் போன புதுசுல தினமும் போன் பண்ணுவேன். முதுகு வலி எப்படிப்பா இருக்குன்னா, சாப்பிட்டேன்மா. மாத்திரை தீந்துச்சான்னா, சாப்பிட்டேன்மா. எதைக் கேட்டாலும் அந்த ஒரே பதிலு. ஒரு நாள் கோவத்துல, அப்பா நான் கெணத்துல குதிக்கப் போறேன்னு கத்துனேன். ஹாஸ்டல்ல எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. அவரு, சரிம்மா, நீயும் நேரத்துக்கு சாப்பிட்டுப் படுன்னு வெச்சிட்டாரு.

காது மெஷின் வாங்கிக் குடுத்தேண்ணா. ஒரு வாரம் போட்டாரு. மறுபடியும் மோட்டார் ஓடுது, ரிட்டையர் ஆனவன எதுக்கும்மா டூட்டிக்கு அனுப்புறன்னு கழட்டி டப்பாவுல வெச்சிட்டாரு.

என் வேலையா? மருந்துக் கம்பெனி. மாத்திரை அட்டையில, பாட்டில்ல எல்லாம் பொடி எழுத்துல அடிச்சிருப்பாங்க இல்ல, அதெல்லாம் சரியா இருக்கான்னு பாக்குற வேலை. ஒரு புள்ளி தள்ளிப் போச்சுன்னா ஒண்ணரை பதினஞ்சு ஆயிடும். எனக்கு ஏத்த வேலைன்னு எல்லாரும் சொல்லுவாங்க, வீட்டைப் பூட்டிட்டு நாலு தடவை இழுத்துப் பாக்குற ஆளு நான். ஆனா ஒம்பது மணி நேரம் பஸ்ல போற தூரம். அவ்ளோ தூரத்துல இருந்துக்கிட்டு, இவரு எழுந்தாரா, விழுந்தாரான்னே தெரியாம ஒரு மாசம் ஓட்டினேன். எழுத்து எதுவும் கண்ணுல நிக்காது.

அப்பத்தான் இது தோணுச்சு. எங்க ஆபீஸ்ல எல்லாரும் பேசிக்கிறதுக்கு ஒரு மெசேஜ் ஆப் இருக்கு. யாரு கம்ப்யூட்டரத் தொறந்து வெச்சிருக்காங்களோ அவங்க பேரு பக்கத்துல பச்சைப் புள்ளி தெரியும். மூடிட்டா சாம்பலாயிடும். வீட்டுலதான் நான் காலேஜுக்கு வெச்சிருந்த பழைய கம்ப்யூட்டர் சும்மா இருக்கே. அதுல அந்த ஆப்பைப் போட்டு அப்பா பேருல ஒண்ணு தொறந்தேன். கரண்ட் வந்தா கம்ப்யூட்டர் தானா ஆன் ஆகணும், ஆன் ஆனா ஆப் தானாத் தொறக்கணும், யாரும் தொடலன்னாலும் தூங்கிப் போயிடக் கூடாது. எல்லாத்தையும் அப்படி மாத்தி வெச்சேன். அவரு மவுசத் தொட வேண்டாம், ஒரு எழுத்து அடிக்க வேண்டாம். காலைல எழுந்ததும் சுவிட்சப் போடணும். ராத்திரி படுக்கறப்போ ஆஃப் பண்ணணும். அவ்ளோதான்.

மொதல்ல அஞ்சுக்கும் அஞ்சு சுவிட்சு இருந்துச்சு. ஒரு நாள் மோடத்தை மறந்துடுவாரு, ஒரு நாள் கம்ப்யூட்டர மறந்துடுவாரு. நான் அங்க புள்ளி வரலையேன்னு நகத்தைக் கடிச்சிட்டு இருப்பேன். அதான் லீவுல வந்து, எல்லாத்தையும் ஒண்ணாக்கிடலாம்னு ரெண்டு பேரும் சேந்து இதைப் பண்ணோம். முடிச்சதும் என் போன்ல பச்சைப் புள்ளிய அவருக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாரு. நம்ம ரன்னிங் லாம்பும்மான்னாரு. பம்பு ஹவுஸ்ல மோட்டார் ஓடுதுன்னா பலகையில பச்சை லாம்பு எரியுமாம். போன்ல இருந்து கண்ணை எடுத்து என்னைப் பாத்து, ஆபீசரம்மா, இனிமே நான்தான் மோட்டாரு, நீ ஆபரேட்டருன்னு சல்யூட் அடிச்சாரு.

பெட்டியத் தொறக்கணும்னா கரண்ட நிறுத்தணுமா. ஆமா இல்ல. அதை நான் யோசிக்கவே இல்ல.

இல்லண்ணா, ஒரு நிமிஷம். நீங்க கையை வெக்காதீங்க. நானே நிறுத்துறேன். அன்னைல இருந்து யாரும் ஆஃப் பண்ணல. வந்தவங்க யாருக்கும் தோணல, அவங்க ஏன் பண்ணப் போறாங்க. நான் வந்து சேந்தப்பவும் ஓடிட்டுத்தான் இருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன். நடுவுல ஒரு தடவை கரண்ட் போச்சு. வந்ததும் அதுவே எழுந்துக்கிச்சு. நான் அப்ப சமையலறையில இருந்தேன், இங்க பிரின்டர் கொர்ருன்னு சத்தம் போட்டதும் எனக்கு ஒரு செகண்டு, சரி, அப்பா எழுந்துட்டாருன்னு தோணிடுச்சு.

இப்படித்தான் பண்ணணும். மொதல்ல கம்ப்யூட்டர்ல இந்த பட்டன ஒரே ஒரு தடவை அமுக்கணும். ஒடனே சுவிட்ச ஆஃப் பண்ணிடக் கூடாது, உள்ள எழுதிட்டு இருக்கும், கெட்டுப் போயிடும். இதை அவருக்கு எப்படிப் புரிய வெக்கிறதுன்னு நான் ரெண்டு நாள் மண்டைய ஒடைச்சிக்கிட்டேன். அவரு சர்வ சாதாரணமா, மோட்டார் சுத்தி ஓயற வரைக்கும் வால்வத் தொடக் கூடாது, அதானேன்னாரு. பட்டன அமுக்கிட்டு இப்படிக் கையை வெச்சிக்கிட்டு நிப்பாரு. ஃபேன் நின்னதும் உள்ளங்கைக்குத் தெரியும். அப்புறம்தான் சுவிட்சு. ஒரு நாள்கூடத் தப்பா ஆஃப் பண்ணதில்ல. படிச்ச நானே அவசரத்துல பண்ணிருக்கேன்.

இதோ, நின்னுடுச்சு.

போனைப் பாக்கல. தெரியும், சாம்பலாத்தான் ஆயிருக்கும். நீங்க தொறங்க.

தண்ணி குடிக்கிறீங்களா? டார்ச் புடிக்கட்டுமா? சரி. நான் பேசுறது தொந்தரவா இருந்தா சொல்லிடுங்க. பதினாறு நாளா வர்றவங்க எல்லாரும் எப்படி ஆச்சுன்னு மட்டும் கேட்டாங்க. இந்தப் பெட்டி எதுக்குன்னு நீங்க ஒருத்தருதான் கேட்டீங்க.

ஸ்பீக்கரா? அது பாட்டுக்கு இல்ல. அது எனக்குப் பதில் சொல்றதுக்கு. அவரு சுவிட்சப் போட்டாருன்னு எனக்குத் தெரியும், நான் அதைப் பாத்துட்டேன்னு அவருக்கு எப்படித் தெரியறது? அதுக்குத்தான். நான் அங்க இருந்து ஒரு மெசேஜ் அனுப்புனா இங்க டிங்குன்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை எடுத்துட்டு தும்முன்னு தரை அதிர்ற மாதிரி ஒண்ணு போட்டு வெச்சேன். பெரிய ஸ்பீக்கரா வாங்கித் தரையில வெச்சதும் அதுக்குத்தான். காதுக்குக் கேக்கலன்னாலும் காலுக்குத் தெரியும். காலைல ஆறு மணிக்கு சுவிட்சப் போட்டுட்டு ஸ்பீக்கர் மேல கையை வெச்சு நிப்பாராம். தும்முன்னு அடிச்சதும், சரி, ஆபீசர் எழுந்துட்டான்னு டீ வெக்கப் போவாராம். மாடி வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் ரெண்டு நிமிஷம் லேட்டா எழுந்தா இவரு ரெண்டு நிமிஷம் நிப்பாரு. ஞாயித்துக்கிழமை எட்டு மணி வரைக்கும் தூங்கியிருக்கேண்ணா நான்.

பிரின்டர்ல ஞாயித்துக்கிழமை ஒரு போட்டோ அனுப்புவேன். என் மேசை, என் கட்டில், நான் வாங்குன கொடை, ஹாஸ்டல்ல என்கூட இருக்குற பொண்ணு. கேமராவும் வாங்கி மாட்டிருக்கலாம். முகத்தைப் பாத்தே பேசிருக்கலாம். வாங்கலாம்னுதான் இருந்தேன். வேலை நிரந்தரம் ஆகட்டும்னு தள்ளிப் போட்டேன்.

உள்ள இந்த வயரெல்லாம் யாரு கட்டினதுன்னா, அவருதான். நான் வயர் நிறத்தை மட்டும் சொன்னேன்.

ஒரு தடவை சிரிப்பா ஆச்சு. மத்தியானம் ஒரு மணி இருக்கும், ஆபீஸ்ல பாக்குறேன், புள்ளி சாம்பலா இருக்கு. பகல்ல அப்படி ஆனதே இல்ல. ஒடனே மாடி வீட்டு அக்காவுக்கு போன் பண்ணி, ஓடிப் போய்ப் பாருங்கக்கான்னு அழுதுட்டேன். அவங்க அடுப்புல வெச்சதை அப்படியே விட்டுட்டு இறங்கி வந்து கதவைத் தட்டு தட்டுன்னு தட்டியிருக்காங்க. இவரு ஜன்னல் ஓரமா உக்காந்து நகம் வெட்டிட்டு இருக்காரு. கரண்ட் போயிருக்கு, அவ்ளோதான். அவங்க வீட்டுல கொழம்பு அடிப்பிடிச்சதுதான் மிச்சம். அப்புறம் ஒரு மாசத்துக்கு இவரு பாக்குறவங்க கிட்டல்லாம், எங்க வீட்டு சுவிட்ச ஆஃப் பண்ணா ஒம்பது மணி நேரத் தூரத்துல என் பொண்ணுக்கு மணி அடிக்கும்னு சொல்லிட்டுத் திரிஞ்சாரு.

அதை ஒரு தடவை வேணும்னே பண்ணாரு. காய்ச்சல். எழுந்து மாடிக்குப் போய்ச் சொல்ல முடியல. என்ன பண்ணாரு, சாயங்காலம் நாலு மணிக்கே, முறைப்படி பட்டன அமுக்கி, ஃபேன் நிக்கிற வரைக்கும் காத்திருந்து, சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுப் போய்ப் படுத்துட்டாரு. நான் போன் பண்ணி, பத்தே நிமிஷத்துல அக்கா வாசல்ல நிக்கிறாங்க. ஒடம்பு அனலாக் கொதிக்குது, இவரு அவங்களப் பாத்து சிரிக்கிறாரு. எங்க வயரிங் எப்படின்னு கேட்டாராம்.

என்னண்ணா, என்ன அது? எர்த்தா? அதுதான் எனக்கும் சந்தேகம். அதை மாட்டச் சொல்லி அப்பாகிட்ட நான் சொன்னேனா இல்லையான்னே பதினாறு நாளா யோசிச்சிட்டு இருக்கேன். சொன்ன மாதிரியும் இருக்கு, சொல்லாத மாதிரியும் இருக்கு. எர்த் சரியா இல்லன்னா தகரத்துல கரண்ட் வரும் இல்ல? கையை வெச்சா அடிக்கும் இல்ல?

ரெண்டு எடத்துலயும் குடுத்திருக்கா? நல்லா இழுத்துப் பாத்தீங்களா?

அப்ப இந்த வயரு, இது கொஞ்சம் உரிஞ்ச மாதிரி இருக்கே. ஓ, அழுக்கா.

சரி, மீட்டர் வெச்சுப் பாருங்க. கம்ப்யூட்டர் பின்னாடியும் வெச்சுப் பாருங்க. போட்டுட்டே பாக்கணுமா, போட்டுக்கங்க. இந்த ஸ்க்ரூ மேல வைங்க. ஸ்பீக்கருக்கும் பாருங்க.

ஒண்ணுமே காட்டலையா.

நூத்துக்கு நூறா? நீங்க எனக்கு ஆறுதலுக்காகச் சொல்லல இல்ல? உங்க வீட்டுல இருந்தா நீங்க அப்படியே விட்டுடுவீங்களா? சரிண்ணா. இல்ல, நம்புறேன். தொழில் தெரிஞ்ச ஆளு பண்ணுன மாதிரி இருக்குன்னு நீங்க சொன்னதைக் கேட்டிருந்தா அவரு இன்னைக்கு முழுக்க அதையே சொல்லிட்டு இருந்திருப்பாரு.

இதைக் கேட்டு எனக்கு நிம்மதியாத்தான் இருக்கணும். நீங்க கேக்குறது புரியுது.

அந்தப் பேப்பரா? மேசைக்கு மேல ஒட்டியிருக்கே, அதா. அது நிலா. நான் வரைஞ்சு இங்க பிரின்ட் வர மாதிரி அனுப்பினேன். அஞ்சு நிலா, ஒவ்வொரு நிலாவுக்குப் பக்கத்துலயும் நம்ம சுவிட்சு, மேல ஒரு டிக் மார்க். அஞ்சு ராத்திரிக்கு ஆஃப் பண்ணாதீங்கன்னு அர்த்தம். படிக்கத் தெரியாதவருக்கு வேற எப்படிச் சொல்றது. அந்த வாரம் என்னை வேலையில வெச்சுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற வாரம். பயத்துல எனக்குத் தூக்கமே வரல. ராத்திரி முழிப்பு வந்தா போனைப் பாப்பேன், புள்ளி சாம்பலா இருக்கும், எனக்கு யாருமே இல்லாத மாதிரி ஆயிடும். பச்சையா இருந்தா அப்பா பக்கத்து ரூம்ல இருக்குற மாதிரி இருக்கும். அதுக்காகக் கேட்டேன். அவருக்குப் புரிஞ்சிடுச்சு, ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆஃப் ஆகவே இல்ல. திங்கக்கிழமையும் ஆகல.

செவ்வாய்க்கிழமை காலைல அக்கா அவரைப் பாத்திருக்காங்க, வாசல்ல நின்னுட்டு இருந்தாராம். அன்னைக்கு அவங்க ஊருக்குக் கெளம்பிட்டாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தப்போ ரெண்டு நாள் பால் பாக்கெட்டு கதவுகிட்டயே கெடந்துச்சாம்.

பச்சையாத்தான் இருந்துச்சுண்ணா. செவ்வாய், புதன், வியாழன், மூணு நாளும். எப்பவும் போற கரண்டுகூட அந்த மூணு நாளும் போகல. புதன்கிழமை எனக்கு வேலை நிரந்தரம்னு லெட்டர் குடுத்தாங்க. சந்தோஷத்துல தும்மு தும்முன்னு இருவது தடவை அனுப்பினேன். லெட்டரப் புடிச்சிக்கிட்டு நிக்கிற மாதிரி போட்டோ அனுப்பினேன். அன்னைக்கு ராத்திரி என்கூட இருக்குற பொண்ணுகிட்ட புள்ளியக் காட்டி, பாத்தியா, எங்கப்பா எனக்காக விளக்கேத்தி வெச்சிருக்காருன்னு பெருமை பேசினேன்.

செவுத்துல அந்தக் கீறலா? பெட்டிக்குக் கீழ. நீங்களும் பாத்துட்டீங்களா.

அது தொடப்பக் கட்டையோட காம்பு பட்டது. அவரு பக்கத்துல கெடந்துச்சாம். முதுகு வலியோட குனியக் கூடாதுன்னு சுவிட்ச இந்த உயரத்துல வெக்கச் சொன்னது நான்தான். நிக்கிறவருக்கு அது சரியான உயரம். கீழ கெடக்குறவருக்கு எட்டாது. பட்டன அமுக்காம, ஃபேன் நிக்கிறதுக்குக் காத்திருக்காம, மொத தடவையா நேரா சுவிட்சயே ஆஃப் பண்ணப் பாத்திருக்காரு.

டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டீங்க இல்ல. விழுந்ததுல இடுப்பு எலும்பு ஒடஞ்சிருக்கு, எழுந்துக்க முடியலன்னாரு. எவ்வளவு நேரம் இருந்தாருன்னு கேட்டேன். அவரு சொல்ல மாட்டேன்னாரு, நான் விடல. புதன்கிழமை ராத்திரி வரைக்கும் இருந்திருக்கலாம்னாரு.

ஷாக்குன்னா ஒரு நொடிதானேண்ணா. நீங்க எத்தனை பாத்திருப்பீங்க. தொட்ட ஒடனே முடிஞ்சிடும், இல்ல? என் வயரிங்லதான் தப்பு, நான்தான் எங்கப்பாவைக் கொன்னேன்னு நீங்க சொல்லிட்டா போதும், அதோட நான் எப்படியாச்சும் இருந்துப்பேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன்.

இல்ல, அழல. மூடிடாதீங்கண்ணா, ஒரு நிமிஷம். அந்த மோடம் வயரை மட்டும் நீங்க சரியாப் பாக்கல. அதை மட்டும் இன்னொரு தடவை பாத்துடுங்க.